இரண்டாவது குப்பி

ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாயைச் செலுத்திக் குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி செய்யும் அறையில், மேசையின் ஓரமாக இரண்டு சிறிய குப்பிகளை வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். ஒன்றில் ஃபார்மலின் இருக்கும். மற்றொன்றில் வெறும் சலைன், அதாவது உப்புநீர், இருக்கும். இரண்டும் நிறமற்றவை என்பதால், மேலே ஒட்டிய சீட்டைப் படிக்காமல் எது எதுவென்று சொல்ல முடியாது. குடல் புண்ணிலிருந்து கிள்ளியெடுக்கும் திசு குண்டூசித் தலையைவிடச் சற்றே பெரியதாக இருக்கும். அது முதல் குப்பியில் விழுந்தால் திசுவின் வடிவம் அப்படியே நிலைத்து நுண்ணோக்கியின் கீழ் படிக்கத் தகுந்ததாகிவிடும். ஆனால் அதற்குள் காசநோய்க் கிருமி இருந்தால் அது அங்கேயே செத்துவிடும். இரண்டாவது குப்பியில் விழும் துணுக்கில்தான் கிருமி உயிரோடு ஆய்வகத்தைச் சென்றடையும். வயிற்றுக் காசநோயைக் கண்டறிவது ஏன் கடினம் என்று யாராவது கேட்டால், நான் நோயின் இயல்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு இந்த இரண்டாவது குப்பியைப் பற்றித்தான் பேசுவேன். கருவியைச் செலுத்தி, புண்ணைக் கண்டு, திசுவையும் எடுத்துவிட்டு, எல்லாத் துணுக்குகளையும் ஒரே ஃபார்மலின் குப்பியில் போட்டு மூடிவிடுவது அவ்வளவு சாதாரணமாக நடக்கிறது.

என்னிடம் வந்த 26 வயது இளைஞர் ஒருவருக்கும் அப்படித்தான் நடந்திருந்தது. ஏழு மாதங்களாக வலது அடிவயிற்றில் விட்டுவிட்டு வலி, ஒன்பது கிலோ எடைக்குறைவு, மாலை வேளைகளில் மெல்லிய காய்ச்சல். சில வாரங்கள் வயிற்றுப்போக்கு, பிறகு சில வாரங்கள் மலச்சிக்கல் என்று மாறிமாறி வந்துகொண்டிருந்தது. வேறொரு மருத்துவமனையில் மூன்று வாரங்களுக்கு முன்பு கொலோனோஸ்கோப்பி செய்திருந்தார்கள். நான்கு துணுக்குகள், ஒரே குப்பி. "நாட்பட்ட அழற்சி, குறிப்பிட்ட காரணம் தென்படவில்லை" என்று ஒரு வரி அறிக்கை. அந்த வரியைப் படித்துவிட்டு, இது காசநோய் இல்லை என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. கிடைத்த துணுக்குகளில் எதையும் காணவில்லை என்று மட்டுமே அது சொன்னது.

வலி எப்படி வருகிறது என்று கேட்டேன். "சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு, உள்ளே ஏதோ ஒரு பந்து திரண்டு உருண்டு போற மாதிரி இருக்கும் டாக்டர். கடகடன்னு சத்தம் கேட்கும், அப்புறம் சட்டுன்னு விட்டுடும்" என்றார். இந்த வருணனையை நான் எந்த ஸ்கேனுக்கும் குறையாமல் மதிப்பேன். குடல் ஓரிடத்தில் குறுகியிருக்கிறது. அதற்கு மேலுள்ள பகுதி உணவையும் காற்றையும் முழுபலத்தோடு நெருக்கித் தள்ளுகிறது. தடை சற்று விலகியதும் எல்லாம் ஒரே ஓட்டமாகக் கடந்துவிடுகிறது என்பதையே அவர் தம் சொற்களில் சொன்னார். படுக்கவைத்துப் பக்கவாட்டிலிருந்து பார்த்தபோது, மெலிந்த வயிற்றுத் தோலுக்கடியில் ஓர் அலை இடமிருந்து வலமாக மெதுவாக ஊர்ந்து போனதைக் காண முடிந்தது. பாடநூல்கள் சொல்கிற, பிசைந்த மாவைத் தொடுவது போன்ற வயிறு அவருக்கு இல்லை. அந்த அடையாளத்தை நான் தேர்வில் எழுதியிருக்கிறேனே தவிர, நோயாளிகளிடம் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் உணர்ந்திருக்கிறேன்.

சிறுகுடலின் கடைசி அங்குலங்களும் பெருங்குடல் தொடங்கும் பையும் சேருமிடத்தையே இந்தக் கிருமி அதிகமாகத் தேர்ந்தெடுக்கிறது. அங்கே நிணத்திசு அடர்ந்திருக்கிறது; உணவுக்கூழ் வேகம் குறைந்து நெடுநேரம் தங்குகிறது; அதனால் குடற்சுவரோடு கிருமிக்கு நீண்ட தொடர்பு கிடைக்கிறது. நுரையீரல் நோயாளி விழுங்கும் சளி வழியாகவோ, இரத்தத்தின் வழியாகவோ, பக்கத்து உறுப்பிலிருந்தோ, காய்ச்சாத பால் வழியாகவோ கிருமி வந்துசேரலாம். குடற்சுவரை மட்டுமல்லாமல் வயிற்றின் உள்ளுறை, நிணநீர் முடிச்சுகள், கல்லீரல், மண்ணீரல் ஆகியவற்றையும் அது தனித்தனியாகவோ சேர்த்தோ தாக்குகிறது. ஆகவே வயிற்றுக் காசநோய் என்ற ஒரே பெயருக்குள் ஒன்றையொன்று சற்றும் ஒத்திராத நான்கு நோயாளிகள் அடங்கிவிடுவார்கள். அடைப்போடு ஒருவர் வருவார். வயிறு முழுக்க நீர் கோத்து ஒருவர் வருவார். காரணம் தெரியாத காய்ச்சலோடு மட்டும் ஒருவர் வருவார். வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் வீங்கிய முடிச்சுகள் தெரிந்ததால் அனுப்பப்பட்டு ஒருவர் வருவார்.

இவர்கள் அனைவருக்கும் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு. கிருமிகளின் எண்ணிக்கை மிகக் குறைவு. சாயமேற்றி நுண்ணோக்கியில் கிருமியை நேரடியாகக் காண வேண்டுமானால் ஒரு மில்லிலிட்டரில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருக்க வேண்டும். நுரையீரலில் குழி விழுந்தவரின் சளியில் அவ்வளவு இருக்கும். வயிற்று நீரிலோ குடல் திசுவிலோ பெரும்பாலும் இருக்காது. வயிற்று நீரில் இவ்வாறு கிருமியைக் கண்டுவிடுவது நூறு பேரில் மூன்று பேருக்கும் குறைவாகத்தான் நிகழ்கிறது. கிருமியை ஊடகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் இதைவிட நுட்பமானது என்றாலும், அதற்குப் பொறுமை வேண்டும். வழக்கமான குடல் பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரட்டிக்கிறது. காசநோய்க் கிருமி இரட்டிக்க ஏறக்குறைய இருபது மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. திரவ ஊடகத்தில் 42 நாட்கள் வரை காத்திருந்த பின்புதான் "வளர்ச்சி இல்லை" என்று எழுதுகிறார்கள். அப்படி எழுதப்பட்ட பின்பும் நோயாளிக்குக் காசநோய் இருக்கலாம்.

அந்த இளைஞரிடம் நான் கேட்ட மற்றொரு கேள்வி, இதற்கு முன்பு என்னென்ன மாத்திரைகள் சாப்பிட்டார் என்பது. வயிற்றுப்போக்குக்காகச் சிப்ரோஃப்ளாக்சசினும் ஓஃப்ளாக்சசினும் அவருக்கு மூன்று முறை தரப்பட்டிருந்தன. ஒவ்வொரு முறையும் காய்ச்சல் சில நாட்கள் குறைந்து மீண்டும் வந்திருந்தது. இந்த வகை மருந்துகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். நோயைக் குணப்படுத்தாது, ஆனால் கல்ச்சரில் கிருமி வளரும் வாய்ப்பைக் குறைத்து, கண்டறிதலைச் சில மாதங்கள் தள்ளிப்போடும். இதைப் படிக்கும் இளம் மருத்துவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு: எடைக்குறைவோடு நாட்பட்ட வயிற்றுப்போக்கும் உள்ளவருக்கு இந்த மாத்திரையை எழுதுவதற்குக் கை போகும்போது, ஒரு நிமிடம் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரத்தப் பரிசோதனைகளைப் பற்றி விரைவாகச் சொல்லிக் கடந்துவிடலாம். இரத்தச்சோகையும், சிவப்பணுக்கள் படியும் வேகத்தைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். உயர்ந்திருப்பதும் அழற்சி இருக்கிறது என்பதைத்தான் சொல்லும். தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மான்டூ சோதனையும், இரத்தத்தில் செய்யும் ஐ.ஜி.ஆர்.ஏ. சோதனையும், உடல் என்றோ ஒருநாள் அந்தக் கிருமியைச் சந்தித்திருக்கிறது என்பதை மட்டுமே காட்டுகின்றன. உறங்கும் தொற்றுக்கும் இப்போதைய நோய்க்கும் அவற்றுக்கு வேறுபாடு தெரியாது. கடும் நோயில் அவை எதிர்மறையாகவும் வரக்கூடும். மார்பு எக்ஸ்ரே எடுக்கத்தான் வேண்டும், ஆனால் அது சுத்தமாக இருப்பதைக் கண்டு ஆறுதல் அடையக் கூடாது, ஏனெனில் வயிற்றுக் காசநோய் உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நுரையீரலில் செயல்படும் நோய் எதுவும் காணப்படுவதில்லை. ஹெச்.ஐ.வி. சோதனையை மட்டும் யாருக்கும் விட்டுவிட மாட்டேன். அதன் முடிவு மற்ற எல்லாச் சோதனைகளையும் படிக்கும் முறையையே மாற்றிவிடும்.

இளைஞரின் சி.டி. ஸ்கேனில் சிறுகுடலின் முனை தடித்திருந்தது. பக்கத்தில் சில முடிச்சுகள் வீங்கியிருந்தன. முடிச்சுகளின் நடுப்பகுதி கருத்தும் விளிம்பு மட்டும் ஒளிர்ந்தும் தெரிந்திருந்தால் என் சந்தேகம் பெருமளவு காசநோயின் பக்கம் சாய்ந்திருக்கும், ஏனெனில் உட்பகுதி அழுகிச் சிதையும்போதுதான் அந்தத் தோற்றம் வரும். அவருடைய முடிச்சுகள் சீராகவே இருந்தன. ஆக, கேள்வி இரண்டு நோய்களுக்கு நடுவே வந்து நின்றது: காசநோயா, அல்லது உடலின் எதிர்ப்பாற்றலே குடலை நாட்பட அழற்றும் கிரோன் நோயா?

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1913ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் அறுவை மருத்துவர் டால்சீல், குடல் தடித்துச் சுருங்கிய சில நோயாளிகளை விவரித்தார். பார்வைக்குக் காசநோய் போலவே இருந்தும் அவர்களிடம் அதன் கிருமி தென்படவில்லை. 1932ஆம் ஆண்டு நியூயார்க்கில் கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் ஆகிய மூவரும் 14 நோயாளிகளைப் பற்றி எழுதியபோதுதான் அது தனி நோயாக நிலைபெற்றது. ஒரு நோயிலிருந்து மற்றொன்றைப் பிரித்தெடுத்து இத்தனை ஆண்டுகளாகியும், ஒரு தனி நோயாளியிடம் அந்தப் பிரிவினையைச் செய்வது இன்னும் எளிதாகவில்லை. தவறினால் இருபுறமும் பள்ளம். காசநோயைக் கிரோன் நோய் என்று நினைத்து ஸ்டீராய்டோ எதிர்ப்பாற்றலை அடக்கும் ஊசியோ தொடங்கினால், அடங்கியிருந்த கிருமி உடலெங்கும் பரவக்கூடும். கிரோன் நோயைக் காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து கொடுத்தால், கல்லீரலும் கண்ணும் பாதிக்கப்படும் அபாயத்தோடு, அந்த இடைவெளியில் குடல் மேலும் சுருங்கி அறுவைக்குப் போய்விடும்.

கருவியைச் செலுத்திப் பார்க்கும்போது சில குறிப்புகள் கிடைக்கின்றன. காசநோயின் புண்கள் பெரும்பாலும் குடலின் குறுக்கே, வளையமாக ஓடுகின்றன. குடலைச் சுற்றிவரும் நிணநீர்க் குழாய்களின் பாதையை அவை பின்பற்றுகின்றன என்பதே வழக்கமான விளக்கம். அவை ஆறும்போது அதே வளையம் தழும்பாக இறுகிக் குடலை நெரிக்கிறது. சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்திலுள்ள வால்வு மூடாமல் வாய் பிளந்தபடி இருந்தால் அதுவும் காசநோய்க்கு ஆதரவான சாட்சி. கிரோன் நோயின் புண்களோ நீளவாக்கில் ஓடுகின்றன. நடுநடுவே ஆரோக்கியமான சவ்வு விட்டுவிட்டு இருக்கும். சிறு வாய்ப்புண் போன்றவை சிதறிக்கிடக்கும். மலக்குடலும் ஆசனவாயும் பாதிக்கப்பட்டிருக்கலாம். இவற்றில் எந்த ஒன்றும் தீர்ப்பாகாது. அந்த இளைஞருக்குக் குறுக்கே ஓடிய புண் ஒன்றும், எந்தப் பக்கமும் சேராத ஒழுங்கற்ற புண்கள் மூன்றும் இருந்தன, வால்வு சிதைந்திருந்தது.

ஆம், கொலோனோஸ்கோப்பியை மீண்டும் செய்தோம். மூன்று வாரத்தில் மறுபடியுமா என்று அவர் தாயார் வருந்தினார்; அவர் வருத்தத்தில் நியாயம் இருந்தது. இந்த முறை பன்னிரண்டு துணுக்குகள் எடுத்தேன், புண்ணின் விளிம்பிலிருந்தும் அடியிலிருந்தும், ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கிள்ளி ஆழமாக. காசநோயின் கிரானுலோமாக்கள், அதாவது அழற்சி அணுக்கள் திரண்ட நுண்முடிச்சுகள், மேற்சவ்வுக்குக் கீழே ஒளிந்திருப்பவை என்பதால், மேலோட்டமாகக் கிள்ளிய துணுக்கில் அவை அகப்படுவதில்லை. எட்டு துணுக்குகள் ஃபார்மலினில், நான்கு சலைனில்.

நோய்க்குறியியல் மருத்துவரோடு நேரில் உட்கார்ந்து ஸ்லைடைப் பார்ப்பதை நான் விடுவதில்லை. பல கிரானுலோமாக்கள் ஒன்றோடொன்று கலந்து, ஒவ்வொன்றும் 200 மைக்ரானைத் தாண்டிய அளவில், நடுவில் பாலாடைக்கட்டி போல உதிர்ந்த சிதைவோடு தெரிந்தால் வேலை ஏறக்குறைய முடிந்தது. அந்தச் சிதைவு குடல் துணுக்குகளில் சிறுபான்மையினருக்கே தென்படுகிறது. எங்கள் ஸ்லைடில் இரண்டு கிரானுலோமாக்கள் இருந்தன: நடுத்தர அளவு, சிதைவு இல்லை, தனித்தனியாக. "ரெண்டு பக்கமும் பேசுது சார்" என்றார் அவர். கிருமிச் சாயத்தில் ஒன்றும் தெரியவில்லை.

சலைன் துணுக்குகளில் ஒரு பகுதி ஜீன் எக்ஸ்பர்ட் சோதனைக்குப் போயிற்று. கிருமியின் மரபணுத் துண்டைப் பெருக்கிக் காட்டும் இந்தச் சோதனை, இரண்டு மணி நேரத்தில் விடை தருவதோடு, காசநோயின் முதன்மை மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி அடங்குமா என்பதையும் சொல்லிவிடும். உண்டு என்று சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். இல்லை என்று சொன்னால், குடல் திசுவைப் பொறுத்தவரை, அதற்கு மிகக் குறைந்த எடையே உண்டு, ஏனெனில் உறுதிப்பட்ட நோயாளிகளிலேயே பாதிக்கும் மேற்பட்டோரை அது தவறவிடுகிறது. எங்களுக்கு இல்லை என்றே வந்தது.

இங்கே சற்று விலகி, வயிற்றில் நீர் கோத்து வருபவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் அங்கே கண்டறிதலின் பாதை வேறு. பல சமயம் அது கூடுதல் தெளிவும் தரும். நடுவயதுப் பெண்மணி ஒருவரைப் புற்றுநோய் என்று முடிவுகட்டியே குடும்பத்தார் அழைத்துவந்தார்கள். வயிறு நிறைய நீர், ஸ்கேனில் உள்ளுறை தடித்திருந்தது, சி.ஏ.125 என்ற இரத்தக் குறியீடு 35க்குள் இருக்க வேண்டியது 400ஐத் தாண்டியிருந்தது. சூலகப் புற்றுநோயில் இந்தக் குறியீடு உயரும் என்பது உண்மை. வயிற்றின் உள்ளுறை எந்தக் காரணத்தால் அழன்றாலும் அது உயரும் என்பதும் அதே அளவு உண்மை. உள்ளுறைக் காசநோயில் நூற்றுக்கணக்கில் உயர்வது சாதாரணம்.

ஊசியால் எடுத்த நீர் வெளிறிய வைக்கோல் நிறத்தில் இருந்தது. புரதம் மிகுந்திருந்தது; அணுக்களில் பெரும்பாலானவை லிம்போசைட்டுகள் என்ற வெள்ளையணுக்கள்; அல்புமின் என்ற புரதத்தின் அளவில் இரத்தத்துக்கும் நீருக்கும் உள்ள வேறுபாடு 1.1க்குக் கீழே இருந்தது. கல்லீரல் சுருக்கத்தால் கோத்த நீர் இல்லை என்பதை இந்த வேறுபாடு சொல்கிறது. புற்றுநோயிலிருந்து காசநோயைப் பிரிப்பதற்கு இது உதவாது. அதற்கு உதவக்கூடியது ஏ.டி.ஏ. என்ற நொதியின் அளவு. 39 அலகை ஒட்டிய எல்லையைத் தாண்டினால் உள்ளுறைக் காசநோயின் வாய்ப்பு மிக அதிகம். அவருக்கு 62 இருந்தது. அந்த எண்ணை மட்டும் வைத்து மருந்து தொடங்கலாம் என்று என் இளைய மருத்துவர்கள் சொன்னார்கள். நான் தயங்கினேன். லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயிலும் சாதாரணக் கிருமித் தொற்றிலும்கூட அது உயரும்; மறுபுறம், கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களிடம் காசநோய் இருந்தும் உயராமல் ஏமாற்றும். புற்றுநோய் என்ற சொல் ஒரு குடும்பத்துக்குள் நுழைந்துவிட்ட பிறகு, "பெரும்பாலும் இல்லை" என்ற பதிலோடு அவர்களை ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் உள்ளே பார்க்கும் லேப்பராஸ்கோப்பி செய்தோம். திரையில் தெரிந்த காட்சி இன்றும் நினைவில் இருக்கிறது: சிவந்து தடித்த உள்ளுறையின் மேல் வெண்மணலைத் தூவிவிட்டது போல, ஏறக்குறைய ஒரே அளவுள்ள நுண்மணிகள், குடலுக்கும் வயிற்றுச் சுவருக்கும் இடையே சிலந்தி நூல் போன்ற ஒட்டுகள். புற்றுநோயின் கட்டிகள் இப்படிச் சீராகத் தூவப்பட்டிருப்பதில்லை. பழகிய கண்ணுக்கு அந்தக் காட்சியே பெரும்பாலும் போதும் என்றாலும் துணுக்குகள் எடுத்தோம், இரண்டு குப்பிகளிலும் போட்டோம். சிதைவோடு கூடிய கிரானுலோமா வந்தது. சூலகத்தை எடுக்கும் பெரிய அறுவை தேவைப்படவில்லை.

இளைஞருக்கு அப்படிப்பட்ட ஒரு காட்சி கிடைக்கவில்லை. நீர் இல்லை, சிதைவு இல்லை, எக்ஸ்பர்ட் எதிர்மறை, கல்ச்சர் நிலுவையில். இந்த இடத்தில்தான் "மருந்து கொடுத்துப் பார்ப்பது" என்ற வழி வருகிறது. இதைச் சோம்பலின் வழி என்று பழிப்பவர்கள் உண்டு. சோம்பலாகச் செய்தால் அது அப்படித்தான். காசநோய்க்கான நான்கு மருந்துகளையும் தொடங்கிவிட்டு, உடம்பு தேறுகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பதை நான் ஏற்க மாட்டேன். கிரோன் நோயாளிகளில் கணிசமானோருக்கும் இந்த மருந்துகளில் சில வாரங்கள் வலி குறைந்து எடை கூடுவதுண்டு. நோயாளி சொல்லும் "பரவாயில்லை" என்ற சொல்லால் இரண்டு நோய்களையும் பிரிக்க முடியாது. புண் ஆறியதா என்பதுதான் பிரிக்கும். குடல் காசநோயின் புண்கள், கிருமி மருந்துக்கு அடங்குவதாக இருந்தால், இரண்டு மாதத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஆறத் தொடங்கிவிடுகின்றன. கிரோன் நோயின் புண்கள் அப்படி ஆறுவதில்லை. சுருக்கத்தை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது: காசநோய் முழுமையாகக் குணமான பிறகும் தழும்பு வளையம் அப்படியே நின்று அடைப்பு தரலாம், அதைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று முடிவுசெய்வது பிழை.

ஆகவே அவருடைய குறிப்பேட்டில் முதல் நாளே இப்படி எழுதினேன்: "காசநோயாக இருக்கலாம், உறுதிப்படவில்லை. மருந்து இன்று தொடக்கம். 60ஆம் நாள் கொலோனோஸ்கோப்பி." அவரிடமும் தாயாரிடமும் அதையே சொன்னேன். டாக்டருக்கே தெரியவில்லையா என்ற கேள்வி தாயாரின் முகத்தில் இருந்தது. தெரியவில்லை என்றுதான் சொன்னேன். தெரிந்துகொள்ளும் நாள் எது என்பது மட்டும் தெரியும் என்றேன்.

42ஆம் நாள் கல்ச்சரில் வளர்ச்சி இல்லை என்ற தாள் வந்தது. 60ஆம் நாள் அவர் சிரித்துக்கொண்டே வந்தார். மூன்று கிலோ கூடியிருந்தார், காய்ச்சல் இல்லை, பந்து உருள்வது வாரத்துக்கு ஒருமுறையாகக் குறைந்திருந்தது. "எல்லாம் சரியாயிடுச்சு டாக்டர், இன்னும் நாலு மாசம் மாத்திரையை முடிச்சுடறேன். இந்தக் குழாய் வேண்டாமே" என்றார். பத்து நிமிடம் பேசிச் சம்மதிக்கவைத்தேன்.

திரையில் பழைய புண்கள் ஆறாமல் இருந்தன. அவற்றுக்கு மேலே, முன்பு சவ்வு நன்றாக இருந்த இடத்தில், சிறு வாய்ப்புண் போன்ற நான்கைந்து புதிய புண்கள் வந்திருந்தன. இதற்கு இரண்டு விளக்கங்கள்தான் இருக்க முடியும்: கிரோன் நோய், அல்லது இந்த மருந்துகளுக்கு அடங்காத காசநோய். முதலாவதற்கு ஸ்டீராய்டு வேண்டும். இரண்டாவதில் ஸ்டீராய்டு பெருங்கேடு செய்யும். செவிலியர் மேசையின் ஓரத்தில் ஃபார்மலின் குப்பியை மட்டும் வைத்துவிட்டு, "இது கிரோன்தானே சார், சலைனும் வேணுமா?" என்று கேட்டார். வேண்டும் என்றேன்.